மோட்டார்ப் படகும் அதன் சொல் வழக்கும்

கடலோரத்தில் வாழாத நமக்கு மோட்டார்ப் படகைப் பற்றி என்ன கவலை என்று பஞ்சாயத்து அங்கத்தினர்களிற் சிலர் கேட்கக்கூடும். ஏரும் மண்வெட்டியும் அறிந்த குடியானவருக்குச் சுக்கானும் நங்கூரமும் எதற்கு என்பது நியாயமான கேள்வியே. ஆயினும் 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரவருணி கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகளில் ஊரும் வயலும் வேறுபாடின்றி ஒரே நீர்ப்பரப்பாயின. அந்நாளில் சிக்கியவர்களை மீட்க மீனவர்களின் படகுகள் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. அதற்கு முன் 2015 டிசம்பரில் சென்னையிலும், 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் இதுவே நிகழ்ந்தது. கேரள மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, கடலையே காணாத ஊர்களுக்கெல்லாம் சென்று மக்களை மீட்டதை நாம் அறிவோம். ஆகவே ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் உள்ள எந்தக் கிராமத்துக்கும் மோட்டார்ப் படகு ஒரு நாள் வரக்கூடும்.

படகு வந்தால் மட்டும் போதாது. இடத்துக்கேற்ற படகு வருதல் வேண்டும். அதற்கு, கேட்பவர் வாயில் சரியான சொல் இருத்தல் வேண்டும். நம் கிராமங்களில் மோட்டார் என்றால் கிணற்று மோட்டாரே. “மோட்டார் போட்டாயா?” என்று ஒருவர் கேட்டால், வயலுக்குத் தண்ணீர் பாய்கிறதா என்பதே பொருள். ஒரு வெள்ளக் காலத்தில் ஓர் ஊரிலிருந்து “வெள்ளம் சூழ்ந்துவிட்டது, மோட்டார் உடனே அனுப்புக” என்று செய்தி வந்தது. சில மணி நேரத்தில் நீர் இறைக்கும் பம்பும் குழாய்ச் சுருளும் ஒரு லாரியில் போய் இறங்கின. கேட்டவர் நினைத்ததோ படகு. எழுதியவரையும் குறை கூறுவதற்கில்லை, அனுப்பியவரையும் குறை கூறுவதற்கில்லை. சொல் இரு பொருள்பட நின்றது. ஆனால் பிழை விளங்கிப் படகு வந்து சேர அரை நாள் ஆயிற்று. அந்த அரை நாளும் மாடி மீது நின்றவர்கள் மழையில் நின்றார்கள்.

நீரில் செல்லும் ஊர்திகளுக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சமில்லை. நாவாய், வங்கம், அம்பி, புணை என்று சங்க நூல்கள் பல பெயர்களைக் கூறும். தோணி, ஓடம், வள்ளம், பரிசல், கட்டுமரம் ஆகியவை இன்றும் வழக்கில் உள்ளன. படகின் உறுப்புகளுக்கும் பழைய பெயர்கள் உண்டு. முன்பகுதி அணியம். அடியில் நீளவாட்டில் ஓடும் முதுகெலும்பு போன்ற கட்டை ஏரா. திசை திருப்புவது சுக்கான். இவற்றுள் சுக்கான் அரபு மொழியிலிருந்தும் நங்கூரம் பாரசீகத்திலிருந்தும் வந்த சொற்கள் என்பர். பல நூற்றாண்டுகள் புழங்கியபின் அவற்றை அந்நியச் சொற்கள் என்று இன்று யாரும் ஒதுக்குவதில்லை. அதுபோலவே போட், இன்ஜின், கியர், புரொப்பெல்லர் ஆகிய சொற்கள் நம் மீனவர் நாவில் நன்கு படிந்துவிட்டன. ஏட்டில் புதுச் சொல் புனைவதைவிட, ஓட்டுபவர் வாயில் வழங்கும் சொல்லை நாமும் கற்றுக்கொள்வதே தக்கது என்பது எமது கருத்து. வெள்ளத்தின் நடுவே நின்று “உந்துகலச் சுழலியை நிறுத்துக” என்று கூவினால் யார் திரும்பிப் பார்ப்பர்?

சொற்கள் வந்ததுபோலவே போனதும் உண்டு. நம் கட்டுமரம் என்னும் சொல் ஆங்கிலத்துக்குச் சென்று கேட்டமரான் ஆயிற்று. போன இடத்தில் அதன் பொருள் மாறிவிட்டது. நமக்குக் கட்டுமரம் என்பது மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்தது. அவர்களுக்கோ, இணையாக அமைந்த இரண்டு படகுடல்களை மேல்தளத்தால் இணைத்த கலம். ஆகவே விலைப்பட்டியலிலோ ஒப்பந்தப்புள்ளியிலோ கேட்டமரான் என்று கண்டால், அது நம் கட்டுமரம் என்று எண்ணிக் கையொப்பமிடலாகாது.

படகில் யந்திரம் பொருத்திய வரலாறு நெடியதன்று. ஜெர்மனியில் டைம்லர் என்பார் 1886ஆம் ஆண்டில் பெட்ரோல் யந்திரம் ஒன்றைப் படகிலே பொருத்தி நெக்கர் ஆற்றில் ஓட்டிக் காட்டினார். படகின் பின்புறத்தில் மாட்டிக் கழற்றக்கூடிய யந்திரத்தைப் பலர் முயன்றனர். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் 1909ஆம் ஆண்டையொட்டி அதனை விற்பனைக்குக் கொண்டுவந்து பரவச் செய்தார். நம் நாட்டு மீன்பிடித் தொழிலில் யந்திரப் படகுகள் பெருகுவதற்கு 1952ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் ஏற்பட்ட இந்திய–நார்வே திட்டம் பெரிதும் துணையாயிற்று. கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் அத்திட்டம் தொடங்கிற்று.

இவ்விரு வகை யந்திரங்களையும் வேறுபடுத்தி அறிவதே முதற் பாடம். படகின் உடலுக்குள்ளே நிலையாக அமைந்தது உட்பொருத்து யந்திரம், இன்போர்டு என்பர். பின்பலகையில் திருகிப் பொருத்தி, வேண்டும்போது கழற்றித் தோளில் சுமந்து செல்லத்தக்கது வெளிப்பொருத்து யந்திரம், அவுட்போர்டு என்பர். நம் கடற்கரையில் விசைப்படகு என்னும் சொல் பெரும்பாலும் உட்பொருத்து டீசல் யந்திரம் கொண்ட பெரிய படகையே குறிக்கும். நாட்டுப்படகு, வள்ளம், ஃபைபர் படகு ஆகியவற்றிலும் இன்று யந்திரம் உண்டு. ஆயினும் அவற்றை விசைப்படகு என்று சொல்வதில்லை. சட்டத்திலும் இந்த வேறுபாடு முக்கியமானது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, கரையிலிருந்து 3 கடல் மைல் வரையுள்ள நீர் சிறு தொழிலாளருக்கென விசைப்படகுகளிடமிருந்து ஒதுக்கப்பட்டது. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர், எனவே 3 கடல் மைல் ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டராகும். கடலோரப் பஞ்சாயத்தார் தீர்மானம் எழுதும்போது மைல் என்று வெறுமனே எழுதிவிட்டால், தரை மைலா கடல் மைலா என்ற வழக்கு எழுந்துவிடும்.

வெள்ளத்துக்கு மீள்வோம். வெள்ளச் செய்தியில் “விசைப்படகு தேவை” என்று எழுதுதல் பொருந்தாது. விசைப்படகின் அடிப்பகுதி நீருக்குள் ஆழ அமிழும். புரொப்பெல்லரும் அதன் தண்டும் அடியிலேயே நிலையாக இருக்கும். தெருவில் நிற்கும் நான்கடி நீரில் அது தரைதட்டும். லாரியில் ஏற்றிவருவதும் எளிதன்று. வெள்ளத்துக்கு வேண்டியது, அடி தட்டையான, எடை குறைந்த, வெளிப்பொருத்து யந்திரம் கொண்ட படகு. நம் ஃபைபர் படகுகள் சிலவற்றில் நீண்ட தண்டின் முனையில் புரொப்பெல்லரை வைத்த டீசல் இன்ஜின் இருக்கும். கைப்பிடியைக் கீழே அழுத்தினால் தண்டின் மறுமுனை நீரைவிட்டு மேலெழும். வரப்பும் வேலியும் வந்தால் உடனே தூக்கிக்கொள்ளலாம். ஆழமில்லாத இடத்துக்கு அதுவும் ஏற்றதே.

வெளிப்பொருத்து யந்திரத்தின் உறுப்புகளைச் சற்று விரிவாகவே பார்ப்போம். மேலே மூடியிட்ட தலைப்பகுதியில் இன்ஜின் உள்ளது. அதிலிருந்து நீருக்குள் இறங்குவது கால். காலின் அடியில் கியர்ப் பெட்டியும், அதன் பின்னே புரொப்பெல்லரும் உள்ளன. காலின் நீளத்தில் வகை உண்டு: 15 அங்குல உயரமுள்ள பின்பலகைக்கு ஷார்ட், 20 அங்குலத்துக்கு லாங். புரொப்பெல்லருக்குச் சற்று மேலே கிடையாக ஒரு தகடு இருக்கும். அத்தகடு படகின் அடித்தளத்தோடு ஒரே மட்டத்திலோ, ஓர் அங்குலம் அளவுக்குக் கீழாகவோ நிற்றல் வேண்டும். குட்டைக் காலை உயரமான பலகையில் மாட்டினால் புரொப்பெல்லர் நீரைத் தள்ளாமல் காற்றை உறிஞ்சி வீணே சுற்றும். இன்ஜின் அலறும், படகு நகராது. நெட்டைக் காலைத் தாழ்ந்த பலகையில் மாட்டினால் அது சேற்றில் உழும். படகை ஓரிடத்திலும் யந்திரத்தை வேறோரிடத்திலும் வாங்க முற்படும் பஞ்சாயத்தும் இளைஞர் குழுவும், முதலில் பின்பலகையின் உயரத்தை நாடாவால் அளந்துகொண்டு கடைக்குச் செல்வது நலம். மாட்டிய திருகுகள் அதிர்வால் தளரும்; ஆகவே யந்திரத்தைப் படகோடு பிணைக்கும் சங்கிலியோ கயிறோ இன்றியமையாதது. அஃதின்றி வெள்ளத்தில் யந்திரத்தை இழந்தால் மீளப் பெறுவது அரிது.

டீசல் பம்புசெட்டு வைத்திருக்கும் குடியானவருக்கு, இன்ஜினைக் குளிர்விக்க நீர் ஓடவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. வெளிப்பொருத்து யந்திரமோ தான் நிற்கும் நீரையே காலில் உள்ள துளைகளின் வழியே உறிஞ்சிக் குளிர்கிறது. அங்ஙனம் சென்ற நீரில் ஒரு பகுதி பின்புறம் சிறு தாரையாய்ப் பீச்சும். ஓட்டுபவர் அடிக்கடி திரும்பிப் பார்ப்பது அத்தாரையைத்தான். வெள்ள நீரில் வைக்கோலும் பிளாஸ்டிக் பைகளும் மிதந்து வரும். அவை துளைகளை அடைத்தால் தாரை நின்றுவிடும். உடனே இன்ஜினை நிறுத்தாவிடில் சூடேறிப் பழுதாகும். படகில் உடன்செல்லும் பஞ்சாயத்து அங்கத்தினர் வேறொன்றும் செய்யாவிடினும், “தாரை நின்றுவிட்டது” என்று கூறினாலே பேருதவி.

சிறிய யந்திரங்கள் சிலவற்றில் புரொப்பெல்லரைத் தண்டோடு பிணைக்கும் ஒரு மென்மையான ஊசி உண்டு. புரொப்பெல்லர் கல்லிலோ கட்டையிலோ மோதினால் அவ்வூசி முறிந்துபோகும், கியர் தப்பிக்கும். முறிவதற்கென்றே வைக்கப்பட்டதாகலின் மாற்று ஊசிகளும் குறடும் படகில் இருத்தல் வேண்டும். பத்து ரூபாய்ப் பொருள் இல்லாமையால் படகு நின்றுபோவது மிகவும் வருந்தத்தக்கது. மற்றொன்று, ஓட்டுபவரின் கையிலோ இடுப்பிலோ மாட்டும் சுருள் கயிறு. அவர் தவறி நீரில் விழுந்தால் கயிறு இழுபட்டு இன்ஜின் தானே நின்றுவிடும். இதனைத் தொல்லையென்று கழற்றிவைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. ஆளில்லாப் படகு வட்டமிட்டுத் திரும்பி, விழுந்தவர் மேலேயே ஏறக்கூடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

டிராக்டர் ஓட்டத் தெரிந்தவர் படகையும் ஓட்டிவிடலாம் என்று கருதுதல் தவறு. ஸ்டியரிங் சக்கரத்தை வலப்புறம் திருப்பினால் டிராக்டர் வலப்புறம் செல்லும். வெளிப்பொருத்து யந்திரத்தின் கைப்பிடியை வலப்புறம் தள்ளினால் படகு இடப்புறம் திரும்பும். பழகிய கை அவசரத்தில் தவறு செய்யும். மேலும் படகுக்குப் பிரேக் கிடையாது. இன்ஜினை நிறுத்திய பின்னும் அது வழுக்கிச் செல்லும்; நிறுத்துவதற்கு ரிவர்ஸ் கியர் வேண்டும். எல்லாவற்றிலும் முதன்மையானது நியூட்ரல் என்னும் சொல். இன்ஜின் ஓடுகிறது என்பது வேறு, புரொப்பெல்லர் சுழல்கிறது என்பது வேறு. நியூட்ரலில் இன்ஜின் ஓடும், ஆனால் புரொப்பெல்லர் நிற்கும். நீரில் ஆள் இருக்கும் இடத்தை அணுகியவுடன் நியூட்ரலுக்கு வந்து, கழியால் ஊன்றி நெருங்குதல் வேண்டும். ஆளைத் தூக்கும்போது இன்ஜினையே நிறுத்திவிடுதல் இன்னும் நல்லது. இந்த ஒரு சொல்லையேனும் கிராமத்தில் மீட்புக்கு நிற்கும் இளைஞர் ஒவ்வொருவரும் அறிந்து, உரக்கச் சொல்லப் பழக வேண்டும்.

ஆழத்தைச் சொல்வதிலும் முறை உண்டு. மீனவர் பாகம் என்னும் அளவால் ஆழம் சொல்வர். இரு கைகளையும் விரித்த நீளம், ஏறத்தாழ ஆறடி. நம் ஊர்களில் முழங்காலளவு, இடுப்பளவு, ஆள் மட்டம் என்போம். கேட்பவருக்கு எளிதில் விளங்குமாதலால் இவை குறைந்த சொற்களல்ல. எனினும் அடிக்கணக்கையும் சேர்த்துச் சொல்லவேண்டும். படகுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை, ஏற்றிய பாரத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். காலியாக வரும்போது இரண்டடி நீரில் மிதந்த படகு, பத்துப் பேரை ஏற்றியபின் அதே இடத்தில் தரைதட்டக்கூடும்.

நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் படகின் விளிம்பு எவ்வளவு உயரம் என்பதும் கேட்கவேண்டிய கேள்வியே. விளிம்பு தாழ்ந்தால் நீர் உள்ளே புகும். உயர்ந்தால் முதியோரும் கருவுற்ற பெண்டிரும் ஏற இயலாது. 2018ஆம் ஆண்டில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், ரப்பர் படகில் ஏற இயலாது தவித்த பெண்களுக்காக ஒரு மீனவர் நீரில் மண்டியிட்டுத் தம் முதுகையே படியாக்கிய காட்சியை நாடே கண்டது. அவர் செயல் போற்றற்குரியது. ஆனால் ஒரு சிறு ஏணியோ, மடிப்புப் படியோ, கவிழ்த்த பெட்டியோ எடுத்துச் செல்வதை முன்கூட்டியே எண்ணலாமன்றோ? ரப்பர் படகைப் பற்றி இன்னொன்று. தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் தீயணைப்புத் துறையினரும் உபயோகிக்கும் அப்படகு இலேசானது. பல காற்றறைகள் கொண்டது. நம் மாவட்டங்களிலோ ஏரிக்கரை முழுதும் சீமைக்கருவேலம். முள்ளும் கம்பி வேலியும் உள்ள இடத்தை முன்கூட்டியே அறிவித்தல் நம் கடமை.

குதிரைசக்தி என்ற சொல் பம்புசெட்டால் நமக்குப் பழக்கமானது. ஒரு குதிரைசக்தி 746 வாட். படகிலும் அதே கணக்குத்தான். படகின் வேகத்தை நாட் என்ற அளவால் கூறுவர். மணிக்கு ஒரு கடல் மைல் செல்வது ஒரு நாட். நிலைநீரில் 5 நாட் வேகம் உள்ள படகு, 3 நாட் ஓட்டமுள்ள வெள்ளத்தை எதிர்த்தால் மிஞ்சுவது 2 நாட், அதாவது மணிக்கு 3.7 கிலோமீட்டர். மனிதன் நடக்கும் வேகத்துக்கும் குறைவு. மூன்று கிலோமீட்டர் தூரத்தை நீரோட்டத்தோடு 12 நிமிடத்தில் கடந்த படகு, எதிர்த்துத் திரும்ப 49 நிமிடம் ஆகும். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு கையிருப்பு என்பது படகோட்டிகளிடையே உள்ள பொது விதி. வெள்ளத்தில் அவ்விதியும் போதாது என்பதை இக்கணக்கு காட்டும்.

எரிபொருள் என்ற சொல்லும் தனித்து நில்லாது. படகுகளில் டீசலில் ஓடுபவை உண்டு, பெட்ரோலில் ஓடுபவை உண்டு, பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவையும் உண்டு. டூ ஸ்ட்ரோக் யந்திரத்துக்குப் பெட்ரோலோடு எண்ணெய் கலக்கவேண்டும். லிட்டருக்கு 20 மில்லி என்பது பொதுவாக வழங்கும் அளவு, ஆனால் அந்தந்த யந்திரத்தின் குறிப்பேட்டில் உள்ளதே முடிவு. ஃபோர் ஸ்ட்ரோக் யந்திரத்துக்கு எண்ணெய் தனியே. பெட்ரோலில் கலத்தல் கூடாது. உதவி செய்யும் ஆர்வத்தில் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடுவோர், எந்த யந்திரம் என்று கேட்டபின் ஓடவேண்டும். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமாதலால் படகின் அடியில் தங்கும். எனவே கழற்றக்கூடிய டாங்கியைக் கரையில் இறக்கியே நிரப்புதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் அறிந்த ஒரு பஞ்சாயத்துத் தலைவர் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு, அதாவது 1077 என்ற எண்ணுக்கு, எவ்வாறு செய்தி சொல்வார்? “கிழக்குத் தெருவில் 40 பேர் மாடிகளில் உள்ளனர், கருவுற்ற பெண் ஒருவர், படுக்கையில் உள்ள முதியோர் இருவர். தெருவில் நீர் 4 அடி, வயற்புறம் 8 அடி, ஓட்டம் மிதம். கம்பி வேலியும் முட்செடியும் உண்டு. வெளிப்பொருத்து யந்திரமுள்ள ஃபைபர் படகு இரண்டு, ஓட்டுபவருடன் தேவை. லாரி பள்ளிக்கூடம் வரை வரலாம். அவ்விடத்தில் சாலை சரிந்து நீரில் இறங்குகிறது, படகை இறக்க வசதி உண்டு.” சொல்லி முடிக்க ஒரு நிமிடம் போதும். மறுமுனையில் இருப்பவர் மறுகேள்வி கேட்க வேண்டியதில்லை. லாரி எங்கு வரை வரும் என்பதைப் பலர் சொல்ல மறந்துவிடுகின்றனர்.

ஓட்டுபவருடன் என்ற சொல்லை விடாது சேர்க்க வேண்டும். விசைப்படகில் அவரை ஸ்ராங்கு என்றும் சில துறைகளில் டிரைவர் என்றும் அழைப்பர். தூத்துக்குடித் தோணியின் தலைவருக்குத் தண்டல் என்று பெயர். அவர்கள் நீரை அறிந்தவர்கள். வரப்பு எங்கே, கிணறு எங்கே, மின்கம்பி எங்கே தாழ்ந்து தொங்குகிறது என்பதை அறிந்தவர் நாம். ஆகவே ஒவ்வொரு படகிலும் உள்ளூர் ஆள் ஒருவர், லைஃப் ஜாக்கெட் அணிந்து, அணியத்தில் அமர்ந்து வழிகாட்ட வேண்டும். எத்தனை பேர் ஏறலாம் என்பதில் மட்டும் படகோட்டியின் சொல்லே சட்டம். அங்கே தலைவரும் அங்கத்தினரும் வாதிடலாகாது.

கடைசியாக ஒரு கணக்கு உள்ளது. மீட்புக்கு வந்த மீனவரின் படகு மதிலில் உரசும், கேட்டில் மோதும். புரொப்பெல்லர் கம்பியில் சிக்கும். அது அவருடைய பிழைப்புக்கான கருவி. அடுத்த நாள் கடலுக்குப் போகாவிடில் வீட்டில் உலை வைக்க இயலாது. பின்னர் அவர் நிவாரணம் கோரும்போது, “படகு சேதம்” என்று மட்டும் எழுதிய சான்று மேசைக்கு மேசை சுற்றிக்கொண்டிருக்கும். “புரொப்பெல்லர் இறகு இரண்டு முறிந்தன, கியர்ப் பெட்டி உடைந்தது, பின்பலகை ஓரடி நீளம் பிளந்தது” என்று எழுதிய சான்றுக்கு மதிப்புக் கணக்கிடுவது எளிது. பஞ்சாயத்து அலுவலகத்தில் இதற்கென ஒரு பதிவேடு வைத்து, படகின் பக்கத்தில் எழுதியுள்ள பதிவெண், யந்திரத்தின் எண், அதன் குதிரைசக்தி, வந்த நேரம், போன நேரம், செலவான எரிபொருளின் வகையும் அளவும், நேர்ந்த சேதம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். இதனைப் படகு மீண்டும் லாரியில் ஏறுவதற்கு முன்பே, அதன் உரிமையாளர் முன்னிலையில் எழுதி, படித்துக் காட்டி, கையொப்பமிட்டுப் பிரதியை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். நீர் வடிந்தபின் வரப்புச் சேற்றில் புதைந்த புரொப்பெல்லர் இறகைத் தேடியெடுத்துச் சாட்சி காட்ட ஒருவரும் வரமாட்டார்.